தூவிய ஜனம்

ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவது ஒரு வேலை. எண்ணியதைப் படமாகப் போடுவது இன்னொரு வேலை. முதல் வேலையைச் செய்தவர்கள் வீடு வீடாக அலைந்து வெயிலில் கறுத்துப் போனார்கள். இரண்டாவது வேலையைச் செய்தவன் ஏசி அறையில் உட்கார்ந்து சளி பிடித்துப் போனான். அவனுக்கு அலுவலகம் வைத்த பெயர் கலர். இரண்டு பச்சையில் எது நல்ல பச்சை என்று முடிவு செய்ய முடியாமல் ஒருமுறை மருத்துவ விடுப்பே எடுத்தவன் அவன். துணிக்கடைக்குச் சட்டை எடுக்கப் போனால், கடைக்காரர் மதியச் சாப்பாட்டை அவனுக்கும் சேர்த்தே வரவழைத்துவிடுவார்.

அந்த வருடத்து ஜனத்தொகைப் படத்தை, ஊரின் வட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் என்று அடிக்காமல் புள்ளிப் படமாகப் போடலாம் என்றது அவன் யோசனை. நூறு பேருக்கு ஒரு புள்ளி. ஏழாவது வட்டத்தில் பதினெட்டாயிரம் பேர் என்றால் அங்கே நூற்றெண்பது புள்ளி. எந்தப் புள்ளி எங்கே விழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எண்ணியவர்கள் கொடுத்தது வட்டத்துக்கு ஒரு தொகை, அவ்வளவுதான். மென்பொருள் அந்தத் தொகையை வாங்கிக்கொண்டு வட்டத்தின் எல்லைக்குள் கண்ணை மூடிக்கொண்டு தூவிவிடும், சமையல்காரன் உப்புத் தூவுகிற மாதிரி. உப்பு விழுந்த இடத்தில்தான் ஆள் இருக்கிறான் என்று அர்த்தமில்லை. இந்த வட்டத்துக்கு இவ்வளவு உப்பு என்பதுதான் அர்த்தம். படம் போடுகிறவர்களுக்கு இது பால பாடம். மற்றவர்களுக்கு இது தெரியாது என்பது மட்டும் படம் போடுகிறவர்களுக்குத் தெரியாது.

மென்பொருளில் 'மறுபடி தூவு' என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் புள்ளிகள் எல்லாம் எழுந்து வேறு இடத்தில் போய் உட்காரும். தொகை மாறாது, உட்காரும் இடம்தான் மாறும். கலர் அதை அமுக்கிய அமுக்கலில் அவனுடைய ஆள்காட்டி விரல் நடுவிரலை விடக் குட்டையாகிவிட்டது என்று பக்கத்து மேசைக்காரர் சத்தியம் செய்தார். அது முன்னாலும் குட்டைதான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அமுக்கியதற்குக் காரணம் இருந்தது. ஏழாவது வட்டத்தின் பெயரை எழுத இடம் வேண்டும். புள்ளியின் மேல் எழுத்து விழுந்தால் கலருக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி. தூவித் தூவிக் கடைசியில் ஒரு தூவலில், ஏரிக்கரையிலிருந்து பழைய ஆலை வரைக்கும் ஒரு புள்ளிகூட இல்லாமல் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை விழுந்தது. 'ஏழாவது வட்டம்' என்று அதில் சாய்வாக எழுதினான். எழுத்து பசித்த கன்றுக்குட்டி மாதிரி நேராகப் போய் அங்கே சேர்ந்துகொண்டது.

அப்போது அலுவலகத்தின் இயக்குநர் அம்மா வந்து பார்த்தார். அவருக்கு எதிலும் வெற்றிடம் வேண்டும். மகளுடைய கல்யாணப் பத்திரிகையில் ஓரம் போதவில்லை என்று மாப்பிள்ளையின் பெயரையே எடுத்துவிட்டவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மாப்பிள்ளை எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டதால் பிரச்சினை ஆகவில்லை.

"நல்லா வந்திருக்கு கலரு. கீழ என்ன, எறும்பு ஊர்ற மாதிரி?"

"குறிப்புங்க மேடம். புள்ளி எண்ணிக்கையைத்தான் காட்டும், வீடு இருக்கற இடத்தைக் காட்டாதுன்னு."

"இது தெரியாதவங்க யாராவது இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்க மேடம்."

"அப்ப எதுக்கு? எடுத்துடு. படத்தோட காலைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு."

கலருக்கும் அந்த வரி உறுத்திக்கொண்டுதான் இருந்தது. எடுத்துவிட்டான். பிறகு படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி எடுக்கக் கட்டளை கொடுத்தான். கணினி முக்கியது, முனகியது, அதன் விசிறி மேசையோடு பறந்துவிடுகிற மாதிரி சத்தம் போட்டது, கடைசியில் படம் வந்தது. எல்லா அலுவலகங்களுக்கும் ஒரு பிரதி போயிற்று. ஒரு பிரதியைக் கலர் கைப்பேசியில் அக்காவுக்கும் அனுப்பினான். பெற்ற அம்மா இறந்த பிறகு அவனுக்கு அம்மாவாக இருந்தவள் அக்கா. பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினாலும் சரி, புதிதாக ஒரு பச்சையைக் கண்டுபிடித்தாலும் சரி, முதலில் அவளுக்குத்தான் சொல்வான். ஏழாவது வட்டத்தில், ஏரிக்கரைக்குக் கீழே ஒரு சந்தில் அவள் வீடு. அவள் கணவர், கலருக்கு மாமா, பூட்டுச் சாவி ரிப்பேர் செய்கிறவர்.

அக்கா உடனே கூப்பிட்டாள். "மிளகைக் கொட்டின மாதிரி இருக்குடா. இதுல எங்க வீடு எங்க?"

"அப்படிப் பாக்கக் கூடாதுக்கா."

"பின்ன எப்படிப் பாக்கணும், தலைகீழா நின்னா? எங்க பக்கம் ஒரு புள்ளிகூடக் காணோமே."

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "நூறு பேருக்குத்தான்டி ஒரு புள்ளி. உன் தம்பி கணக்குல நாம ரெண்டு பேரும் தசமத்துக்கு அப்புறம் வர்ற ஆளுங்க."

கலர் சிரித்தான். அது அவன் அந்த வாரத்தில் கடைசியாகச் சிரித்த சிரிப்பு.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மலைமேல் பெய்த மழையில், மழையை அளக்க வைத்திருந்த மானியே அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆகையால் அன்றைக்கு மழையே இல்லை என்று பதிவாகியிருந்தது. பதிவில் இல்லாத அந்த மழை அத்தனையும் ஏரிக்கு வந்து சேர்ந்தது.

கலரை மடிக்கணினியோடு வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு வரச் சொன்னார்கள். போனான். அறையின் சுவரில் அவனுடைய படம் தொங்கியது. அதன் முன்னால் இயக்குநர் அம்மா, ஒரு போலீஸ் அதிகாரி, ஒரு மின்வாரியக்காரர், எல்லோருக்கும் நடுவில் ஏரிப் பொறியாளர். பொறியாளர் ஆறடி உயரம், குரல் மட்டும் மூன்றடி.

"நீதான் இதைப் போட்டவனா தம்பி? என் சர்வீஸ்ல எனக்குப் புரிஞ்ச முதல் படம் இதுதான்."

கலருக்கு உச்சி குளிர்ந்தது. பொறியாளர் விஷயத்துக்கு வந்தார். "ஏரி தளும்புது. ஆத்துல இனி ஒரு செம்பு தண்ணிகூடக் கொள்ளாது. கரையை நாமளா ஒரு இடத்துல வெட்டி விட்டாகணும். விடலைன்னா அதுவா தனக்குப் பிடிச்ச இடத்துல உடைச்சுக்கும். அதுக்குப் பிடிச்ச இடம் எதுன்னு நம்மகிட்ட சொல்லாது."

"எங்க வெட்டப் போறீங்க சார்?"

பொறியாளர் வெள்ளைப் பட்டையின் தலையில் விரலை வைத்து ஆலை வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தார். "ஆளே இல்லாத இடம். தலைக்கு வகிடு எடுத்த மாதிரி நேராப் போகுது பாரு. இதுல ஒரு நீலக் கோடு போட்டு, எந்தெந்தத் தெருவை அடைக்கணும்னு பேரு எழுதி, பெரிசா ஒரு படம் எடுத்துக் குடு. போலீஸ்காரங்க கையில இருக்கட்டும்."

இதைக் கேட்டதும் கலருக்கு முதலில் தோன்றியது, எந்த நீலம் என்பதுதான். கருநீலம் போட்டால் புள்ளிகளோடு மோதும், வெளிர்நீலம் போட்டால் தூரத்திலிருந்து தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பொறியாளரின் விரல் போன வழியில் கோட்டை இழுத்தான். அழகாக வந்தது. பிறகு தெருப் பெயர் வேண்டுமே என்று, படத்துக்கு அடியில் மறைத்து வைத்திருந்த தெருக்களின் அடுக்கைத் திறந்தான்.

வெள்ளைப் பட்டைக்குள் மூன்று தெருக்கள் முளைத்தன. பேக்கரித் தெரு. பள்ளிக்கூடச் சந்து. அதற்குப் பக்கத்தில், நீலக் கோட்டுக்கு நேர் கீழே, அக்காவின் சந்து.

கலர் மவுஸை விட்டுவிட்டான். அவன் அந்த வெள்ளையை ஒரு பெயர் எழுத இடம் வேண்டும் என்று வரவழைத்தான். பெயருக்கு ஒதுக்கிய இடத்தில் ஏரி வந்து படுத்துக்கொள்ளப் போகிறது.

"சார்," என்றான் ஒருவழியாக. "இங்க ஆளுங்க இருக்காங்க."

"எங்க?"

"இந்தக் கோட்டுக்குக் கீழ."

"புள்ளி இல்லையே."

"புள்ளி இருக்கற இடத்துலதான் ஆள் இருக்கணும்னு இல்ல சார். இல்லாத இடத்துலயும் இருப்பாங்க."

பொறியாளர் அவனை நிதானமாகப் பார்த்தார். "அப்ப புள்ளி எதுக்கு?"

அவன் உத்தியோகத்துக்கு வந்த நாளாக அதை யாரும் கேட்டதில்லை. இயக்குநர் அம்மா படத்தின் அடிப்பக்கத்தை, குறிப்பு இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

வாயால் சொல்லிப் புரியவைக்க நேரமில்லை என்று கலருக்குப் பட்டது. திரையை எல்லோர் பக்கமும் திருப்பி 'மறுபடி தூவு' பொத்தானை அமுக்கினான்.

ஏழாவது வட்டத்தின் பதினெட்டாயிரம் பேரும் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார்கள். வெள்ளைப் பட்டையைக் காணோம். அது இருந்த இடத்தில் கூட்டம் நெரிந்தது. வேறொரு மூலையில், சற்று முன் நெரிந்துகொண்டிருந்த இடத்தில், வெறிச்சென்று ஒரு புது வெள்ளை.

போலீஸ் அதிகாரி முன்னால் வந்து தன் வீடு இருக்கும் இடத்தைக் குனிந்து தேடினார். அதில் மூன்று புள்ளிகள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"நாங்க நாலே பேருதான்," என்றார், வீட்டில் ஆட்களை ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டவர் போல.

"இன்னொரு வாட்டி அமுக்கு," என்றார் பொறியாளர்.

கலர் அமுக்கினான். ஜனம் மறுபடி குடி பெயர்ந்தது. போலீஸ் அதிகாரியின் வீட்டில் இப்போது ஒருவரும் இல்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பொறியாளர் நாற்காலியைப் பார்க்காமலே உட்கார்ந்தார். நல்லவேளையாக அது அங்கே இருந்தது. "பொக்லைனை அனுப்பியாச்சு," என்றார்.

"எப்ப சார்?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே. அவன் வெட்ட ஆரம்பிச்சிருப்பான்."

அவர் வயர்லெஸ்ஸை எடுத்துக் கத்தத் தொடங்கினார். மூன்றடிக் குரல் அன்றைக்கு முதல்முறையாக ஆறடிக்கு வளர்ந்தது. கலர் சுவர் ஓரமாகப் போய் அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, இப்பவே வெளிய கிளம்பு. மாமாவைக் கூட்டிக்கோ. சந்துல யாரையும் விடாதே, பேக்கரித் தெரு, பள்ளிக்கூடச் சந்து எல்லாரையும் கிளப்பு."

"என்னடா ஆச்சு? உன் மாமா இப்பத்தான் சட்டையைக் கழட்டினாரு."

"சட்டை வேணாம். தண்ணி வருது."

"எங்கடா போறது?"

"எங்கயாவது போ. வீட்டுல மட்டும் இருக்காதே."

வைத்துவிட்டான். எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. இடத்தைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லியே பழகிய ஆள்.

வயர்லெஸ்ஸில் பொக்லைன் ஓட்டுநர் கிடைத்துவிட்டார். "பாதி வெட்டியாச்சு சார். இன்னும் நாலு வாரு வாரினா தண்ணி விழுந்துடும்."

"வாராதே. அப்படியே நிறுத்து."

"நான் நிறுத்திடுவேன் சார். தண்ணி நிறுத்தாது. கரை காலுக்குக் கீழ நடுங்குது. வேற இடம்னா சட்டுனு சொல்லுங்க."

பொறியாளர் வயர்லெஸ்ஸைக் கையில் பிடித்தபடி கலர் பக்கம் திரும்பினார். "சரி, நடந்தது நடந்து போச்சு. இப்ப சொல்லு. எங்கதான் ஆள் இல்ல?"

கலர் திரையைப் பார்த்தான். ஊர் ஜனத்தொகை முழுவதையும் ஆள்காட்டி விரலால் கட்டி மேய்த்தவனுக்கு, ஊரில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியாது. ஏழாவது வட்டத்தில் பதினெட்டாயிரம் பேர் என்று தெரியும். அவர்களில் இரண்டே இரண்டு பேர் எங்கே படுத்து எங்கே எழுந்திருக்கிறார்கள் என்று தெரியும். மற்றவர்களைப் பற்றிக் கேட்டால் பொத்தானைத்தான் அமுக்க வேண்டும்.

"தெரியாது சார்," என்றான்.

அந்த ஒரு சொல், ஏரி உடைவதைவிடப் பெரிய சத்தமாக அறையில் விழுந்தது.

மின்வாரியக்காரர் தொண்டையைச் செருமினார். "எங்ககிட்ட மீட்டர் இருக்குங்க. எந்த மீட்டர் எந்தச் சுவத்துல தொங்குதுன்னு குறிச்சு வச்சிருக்கோம். தூவறது எல்லாம் கிடையாது."

அவர் அலுவலகத்திலிருந்து அரை மணி கழித்து வந்து சேர்ந்த கோப்பைக் கலர் திறந்தான். இந்தப் புள்ளிகள் எழுந்து ஓடவில்லை. வீட்டுக்கு ஒன்றாக, தெருவுக்குத் தெரு வரிசையாக, பிடித்து வைத்தது போல உட்கார்ந்திருந்தன. அக்காவின் சந்தில் இருபுறமும் நெருக்கமாக நின்றன. ஓடுகிற மீட்டர் ஒன்றுகூட இல்லாத ஒரே இடம், ஏரிக்கரையின் மறுமுனைக்குக் கீழே தெரிந்தது. பளிங்குத் தரையும் மாடியுமாகப் பெரிய பெரிய வீடுகளாகக் கட்டி, ஒன்றுகூட விலை போகாமல் பூட்டிக் கிடக்கும் புதுக் குடியிருப்பு அது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் மாடியைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள், வீடுகள் நிற்கும் பள்ளத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்கள்.

"இது நிச்சயம்தானே?" என்றார் பொறியாளர். "இதுவும் எந்திரிச்சு ஓடாதே?"

"ஓடாது சார். மீட்டர் சுவத்துல இருக்கு."

"சுவத்தை நம்பலாம்," என்றார் பொறியாளர். பொக்லைனை அந்த முனைக்கு விரட்டினார்.

இயக்குநர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, யாரிடமும் சொல்லாத குரலில், "அதுல ஒண்ணு எனக்குப் பிடிச்சிருந்தது. வீட்டைச் சுத்தி நிறைய இடம் விட்டிருந்தாங்க," என்றார்.

கலருக்கு மூச்சு திரும்பி வந்தது. அக்காவை வீட்டுக்குத் திரும்பச் சொல்லலாம். மாமா நாளை முழுக்க இதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்வார், செய்யட்டும். கூப்பிட்டான்.

"அக்கா, ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போயிடு. அந்தப் பக்கம் வெட்டலை."

"வீட்டுக்காவது போறதாவது? நாங்கதான் வந்து சேந்துட்டோமே. மூணு சந்தும் காலிடா. குழந்தை குட்டி, டீச்சர், தையல்காரர் மாமியார், கட்டிலோட தூக்கிட்டு வந்த தாத்தா, எல்லாரும் இங்கதான்."

"எங்கக்கா?"

"தரையைப் பாரேன்டா, பளிங்கு. கால் வச்சா வழுக்குது. ஏதோ புது வீடுங்க, வரிசையாப் பூட்டிக் கிடந்துச்சு. உன் மாமா ஒவ்வொரு பூட்டா ஒரு கம்பியை விட்டுத் திருகிட்டே போறாரு, கதவு எல்லாம் சொன்ன பேச்சு கேக்குது. மாடி இருக்கு பாரு, அதான் இங்க வந்தோம்."

பின்னாலிருந்து மாமா சொன்னார். "மச்சான்கிட்ட சொல்லு, இப்ப இங்க மூணு புள்ளிக்கு ஆள் தேறும்னு."

கலர் தலையைத் தூக்கினான். அறையின் மறுமுனையில் பொறியாளர் வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டு போயிருந்தார். ஓட்டுநரின் குரல் கரகரத்தது. "வந்துட்டேன் சார். இங்கதானே? வாரட்டுமா?"

பொறியாளர் வாயைத் திறந்தார்.

கலர் எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியாது. நடுவில் ஒரு மேசை இருந்தது. அவன் அதைச் சுற்றிப் போகவில்லை, தாண்டியும் போகவில்லை, மேசை பிற்பாடு வேறு இடத்தில் இருந்தது. பொறியாளரின் வாயை ஒரு கையாலும் வயர்லெஸ்ஸைக் கைப்பேசி பிடித்திருந்த கையாலும் பொத்தினான். தன் பதவிக்கு நாலு படி மேலே இருப்பவரின் வாயை.

"ஆள் இருக்காங்க சார்."

பொறியாளர் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். "மறுபடியுமா? சுவத்துல மாட்டியிருக்குன்னியே."

"மீட்டர் சுவத்துலதான் சார் இருக்கு. ஆளுங்க இப்பத்தான் போனாங்க."

"யாரு அனுப்பினது?"

"நான்தான் சார்."

வயர்லெஸ் கேட்டது. "சார், வாரட்டுமா வேணாமா?"

"பொக்லைன் கையைத் தூக்கி வச்சுட்டு உக்காரு," என்றார் பொறியாளர் அதற்கு. பிறகு நெற்றியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். தலை நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. பயந்த முகம்.

"போனவங்க எங்கிருந்து போனாங்க?"

கலர் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினான். கை அந்த வெள்ளைப் பட்டையில் போய் நின்றது.

"முழுக்கவா?"

"மூணு சந்தும்னு சொல்றாங்க."

"அப்ப இப்ப அங்க ஆள் இல்ல."

"இல்ல சார்."

"காலையில பொய்யா இருந்த படம்," என்றார் பொறியாளர் மெல்ல, "மத்தியானம் நிஜமாயிடுச்சு."

இதைச் சொல்லிவிட்டு அவரே தான் சொன்னதைக் கேட்டு அதிர்ந்துபோனார்.

போலீஸ் அதிகாரி தொப்பியை மாட்டிக்கொண்டு ஆட்களை அந்த மூன்று சந்துக்கும் விரட்டினார். வீடு வீடாக நுழைந்து, கட்டிலுக்கு அடியில், பரண்மேல், குளியலறையில், எங்கேயும் விடாமல் தேடச் சொன்னார். இந்த ஊரில் இனி எந்தப் படத்தையும் அவர் நம்பத் தயாராயில்லை. ஏரி என்னவோ அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. பொக்லைன் ஓட்டுநர் அவ்வப்போது வயர்லெஸ்ஸில் வந்து, கரையில் எந்த விரிசல் எவ்வளவு நீளமாயிற்று என்று, குழந்தை வளர்வதைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் போலீஸ் குரல் வந்தது. "மூணு சந்தும் பாத்தாச்சுங்கய்யா. கதவெல்லாம் திறந்து கிடக்கு. ஆள் இல்ல. சலூன்ல மட்டும் ரெண்டு பேர். ஒருத்தருக்குப் பாதி முகம் சவரம் ஆயிருக்கு, மீதி முடியாம எந்திரிக்க மாட்டேன்னாரு. நாற்காலியோட தூக்கி வண்டியில வச்சுட்டோம். சலூன்காரரும் கூடவே ஏறிட்டாரு. உள்ள வேலை நடக்குது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்கய்யா."

பொறியாளர் பொக்லைனைப் பழைய இடத்துக்கே திரும்பச் சொன்னார். பிறகு கலரைப் பார்த்தார். உத்தரவு போடுகிற பார்வையாக அது இல்லை.

"உங்க அக்கா லைன்லதான இருக்காங்க? ஒரு வார்த்தை சொல்லிடு தம்பி. கேக்காம செஞ்சேன்னு இருக்க வேணாம்."

கைப்பேசி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அக்கா வைக்கவே இல்லை.

"அக்கா."

"கேட்டுட்டுத்தான்டா இருக்கேன். அங்க யாரோ வெட்டறது வாரறதுன்னு பேசறாங்களே."

"உங்க சந்து வழியாத்தான் விடணும்."

மறுமுனையில் குழந்தைகள் பளிங்குத் தரையில் வழுக்கி விளையாடும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"எவ்வளவு வரும்?" என்றாள் அக்கா.

"ஜன்னல் வரைக்கும்னு சொல்லத்தான் ஆசை."

"உள்ளதைச் சொல்லு."

"கூரை தெரியாது."

மாமா கைப்பேசியை வாங்கிக்கொண்டார். அவர் குரலில் கேலி தேடினால்தான் கிடைத்தது. "அடுப்பை அணைச்சோமா இல்லையான்னு உங்க அக்கா வழியெல்லாம் புலம்பிட்டே வந்தா மச்சான். இனிமே அந்தக் கவலை இல்லடின்னு சொல்லிட்டேன்." பிறகு, "பட்டறையும் அதுலதான் இருக்கு," என்றார். "தெரியுமில்ல?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சா சரி. இந்தா, அவகிட்டயே பேசு."

அக்கா வந்தாள். "வெட்டச் சொல்லுடா. வெட்டலைன்னா இங்கதானே வரும்? இங்க இத்தனை குழந்தைங்க இருக்கு."

கலர் பொறியாளரைப் பார்த்துத் தலையசைத்தான். அப்படித் தலையசைக்கத் தனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. பொறியாளர் வயர்லெஸ்ஸில் ஒரே சொல் சொன்னார். அதில் முதலில் இயந்திரத்தின் உறுமல் கேட்டது. பிறகு ஓட்டுநர் யாரையோ விலகச் சொன்னார். பிறகு இயந்திரச் சத்தம் உள்ளுக்குள் அமுங்கிப் போக, அதைவிடப் பெரிதாக ஒன்று கேட்கத் தொடங்கியது.

கலர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வயர்லெஸ்ஸில் கேட்ட அதே சத்தம், சற்றுப் பிந்தி, அக்கா நின்றிருந்த மாடியிலிருந்து இந்தக் காதுக்கும் வந்தது.

"தெரியுதாக்கா?"

"எல்லாம் தெரியுது. இங்கேர்ந்து பாத்தா நம்ம பக்கம் முழுக்கத் தெரியும்."

அவள் குரல் கணீரென்றுதான் இருந்தது, வகுப்பில் பெயர் கூப்பிடுகிறவர் மாதிரி. தண்ணீர் போகப் போக அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"பேக்கரி போச்சு. பேக்கரிக்குப் பின்னாடி அந்த டீச்சர் வீடு. தையல்காரர் வீடு, அவங்க மூணு பேரு, மாமியாரோட நாலு. சலூன். சலூனுக்கு மேல வாடகைக்கு இருந்தாங்களே ரெண்டு பையனுங்க, அவங்க மாடி. தாத்தா வீடு."

திரையில் நீலக் கோடு அப்படியே இருந்தது. கலர் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அக்கா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வீடாக அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டே வந்தான்.

"நம்ம வீடு," என்றாள் அக்கா, அதே குரலில் அடுத்த வீட்டுக்குப் போனாள்.